மேல போனப்புறம் யோசிக்க நேரம் இருக்காது: சின்ன விமானமும் டேக் ஆஃபும்

(எங்கள் பாட்காஸ்ட் எபிசோடின் எழுத்து வடிவம் இது. படிக்க வசதியாகச் சில இடங்களைச் சுருக்கியிருக்கிறோம். பேச்சு நடையை முடிந்தவரை அப்படியே விட்டிருக்கிறோம். விருந்தினர் சின்ன விமானங்களில் பயிற்சி கொடுப்பவர். தன் பெயரும், தான் படித்த, வேலை பார்த்த பள்ளிகளின் பெயரும் வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். அதனால் அவரைப் 'பயிற்றுநர்' என்றே குறிப்பிடுகிறோம்.)

தொகுப்பாளர்: பைலட் ஆகணும்னு ஆசைப்படுறவங்க நிறைய பேர் நமக்கு மெசேஜ் பண்ணிட்டே இருக்கீங்க. எவ்வளவு செலவாகும், எங்க படிக்கலாம், கண்ணாடி போட்டிருந்தா முடியுமா, இப்படித்தான் பெரும்பாலான கேள்விகள். ஆனா போன மாசம் ஒருத்தர் வேற மாதிரி ஒண்ணு கேட்டிருந்தார். "என் தங்கச்சி அடுத்த மாசம் பிளையிங் ஸ்கூல் சேர்றா. அம்மாவுக்கு ராத்திரி தூக்கமே இல்ல. அந்தக் குட்டி விமானம் பாதுகாப்பானதா?" இன்னிக்கு அந்த அம்மாவுக்காகத்தான் இந்த எபிசோட். கேப்டன், வணக்கம். நேரா கேக்குறேன். அம்மா பயப்படுறது சரியா?

பயிற்றுநர்: வணக்கம். பயப்படுறதுல தப்பே இல்ல. ஆனா எந்த இடத்துல பயப்படணும்னு தெரிஞ்சுக்கிட்டா நல்லது. பொதுவா எல்லாரும் லேண்டிங்கைப் பாத்துத்தான் பயப்படுவாங்க. லேண்டிங்ல சின்னச் சின்ன விபத்து நிறைய நடக்கும், அது உண்மை. சக்கரம் வளையும், இறக்கை நுனி தரையில உரசும், மாணவருக்கு மானம் போகும். பெரும்பாலும் ஆள் எழுந்து நடந்து வந்துடுவாங்க. டேக் ஆஃப்ல நடக்குறது எண்ணிக்கையில கம்மி, ஆனா நடந்தா உயிர் போற வாய்ப்பு அதிகம்.

தொகுப்பாளர்: ஏன் அப்படி?

பயிற்றுநர்: லேண்டிங்ல நீங்க வேகத்தைக் குறைச்சுக்கிட்டே வர்றீங்க, முன்னாடி ரன்வே இருக்கு. டேக் ஆஃப்ல எல்லாமே தலைகீழ். இன்ஜின் முழு சக்தியில ஓடுது, டேங்க்ல பெட்ரோல் நிறைய இருக்கு, மூக்கு வானத்தைப் பாத்துக்கிட்டு இருக்கு, வேகம் குறைவு, உயரமும் குறைவு. ரன்வே உங்களுக்குப் பின்னாடி போயிடுச்சு. அந்த நேரத்துல ஏதாவது ஆச்சுன்னா உங்க கையில இருக்கிறது சில நொடிதான். அதனால நான் மாணவர்கள்கிட்ட முதல் நாளே சொல்றது ஒண்ணுதான். டேக் ஆஃப் முடிவுகளை எல்லாம் தரையில நிக்கிறப்பவே எடுத்துடணும். மேல போய் யோசிச்சுக்கலாம்னு எதையும் மிச்சம் வைக்கக் கூடாது.

கிளம்புறதுக்கு முன்னாடி

தொகுப்பாளர்: சரி, வரிசையா போவோம். முதல் நாள் மாணவர் விமானத்துக்கிட்ட வர்றார். என்ன பண்ணணும்?

பயிற்றுநர்: நம்ம ஊர்ப் பள்ளிகள்ல நிறைய இடத்துல செஸ்னா 172தான் இருக்கும். 1950-கள்ல இருந்து வந்துக்கிட்டு இருக்கிற மாடல், உலகத்துலயே அதிகமா தயாரிச்ச விமானம் அதுதான். அதை வச்சே சொல்றேன்.

முதல்ல பெட்ரோல். இதுக்குன்னு தனியா ஏவியேஷன் பெட்ரோல் இருக்கு, நீல நிறமா இருக்கும். மழைக்காலத்துல ராத்திரி பூரா வெளியில நின்ன விமானத்தோட டேங்க்ல தண்ணி சேர வாய்ப்பிருக்கு. தண்ணி கனம், அதனால அடியில போய் நிக்கும். டேங்குக்கு அடியில சின்ன வால்வு இருக்கு, ஒரு கண்ணாடிக் கப்புல கொஞ்சம் பிடிச்சு வெளிச்சத்துல பாக்கணும். தண்ணி இருந்தா அடியில தனியா ஒரு குமிழ் மாதிரி தெரியும். இதுல ஒரு பொறி இருக்கு. கப்பு முழுக்கத் தண்ணியாவே இருந்தா குமிழே தெரியாது, சுத்தமா இருக்கிற மாதிரி தோணும். அதனால குமிழ் இல்லைன்னு மட்டும் பாக்காதீங்க, நீலம் இருக்கான்னு பாருங்க.

தொகுப்பாளர்: இதைப் பாக்கலைன்னா?

பயிற்றுநர்: தரையில இன்ஜின் நல்லாத்தான் ஓடும், குழாய்ல ஏற்கெனவே இருக்கிற பெட்ரோல் போதும். த்ராட்டிலை முழுசா திறந்து, மூக்கைத் தூக்கி மேல போறப்பதான் அந்தத் தண்ணி நகர்ந்து இன்ஜினுக்கு வரும். எங்க நிக்கக் கூடாதோ சரியா அங்க நிக்கும்.

அடுத்தது சீட்டு. சிரிக்காதீங்க. இந்த விமானங்கள்ல சீட்டு ஒரு தண்டவாளத்துல முன்ன பின்ன நகரும், ஒரு ஊசி ஓட்டையில விழுந்து பூட்டிக்கும். பழசானா அந்த ஓட்டை தேஞ்சுடும். டேக் ஆஃப்ல மூக்கு மேல தூக்குறப்ப பூட்டு விட்டுச்சுன்னா, ஆளோட சீட்டு பின்னாடி வழுக்கும். கையில என்ன இருக்கு? கன்ட்ரோல். அதையும் பிடிச்சு இழுத்துக்கிட்டே போவாங்க, மூக்கு இன்னும் மேல போகும். அமெரிக்க விமானத் துறை நிர்வாகம் 1987-லயே அந்தத் தண்டவாளத்தைக் குறிப்பிட்ட மணி நேரத்துக்கு ஒரு தடவை கட்டாயமா சோதிக்கணும்னு உத்தரவு போட்டிருக்கு. நீங்க பண்ண வேண்டியது சுலபம். உக்காந்ததும் உடம்பை முன்ன பின்ன ஆட்டிப் பாருங்க, 'கிளிக்'னு பூட்டியிருக்கணும்.

தொகுப்பாளர்: கதவு பத்தி ஒரு கதை இருக்குன்னு ரெக்கார்டிங்குக்கு முன்னாடி சொன்னீங்களே?

பயிற்றுநர்: ஆமா, என் கதைதான். நான் மாணவியா இருந்தப்ப, தனியா பறந்த மூணாவதோ நாலாவதோ தடவை. ரன்வேயை விட்டு ஒரு நூறு அடி ஏறியிருப்பேன். படார்னு ஒரு சத்தம், காத்து உள்ள அடிக்குது, கதவு ரெண்டு விரல் அளவு திறந்திருக்கு. நான் என்ன பண்ணேன்? கதவை மூடப் போனேன். ஒரு கையில கன்ட்ரோல், இன்னொரு கையால கதவை இழுக்குறேன். உடம்பு சாயும்போது கன்ட்ரோலையும் சேத்து இழுத்திருக்கேன். மூக்கு மேல போய்க்கிட்டே இருக்கு, எனக்குத் தெரியல.

அப்பத்தான் ஸ்டால் ஹாரன் அடிச்சுது. செஸ்னா 172-ல அது மின்சார ஹாரன் கிடையாது. இறக்கையோட முன் விளிம்புல ஒரு ஓட்டை, உள்ள ஒரு ரீட். நாதஸ்வரச் சீவாளி மாதிரி, காத்து இழுபடும்போது ஒரு அழுகுரல் வரும். அதைக் கேட்டதும் கதவை விட்டேன், மூக்கைத் தாழ்த்தினேன். ஒரு சுத்து சுத்தி, கதவு திறந்தபடியே இறங்கினேன். என் பயிற்றுநர் திட்டவே இல்ல. "கதவு திறந்திருந்தா இந்த விமானம் பறக்குமா?"ன்னு மட்டும் கேட்டார். "பறந்துச்சு சார்"ன்னேன். "அப்ப எதுக்கு அதை மூடப் போன?"ன்னார். அதுக்கு இன்னிக்கு வரைக்கும் என்கிட்ட பதில் இல்ல.

ஸ்டால்னா இன்ஜின் நிக்கிறது இல்ல

தொகுப்பாளர்: ஸ்டால்னு சொன்னீங்க. கார் ஸ்டால் ஆகுற மாதிரியா?

பயிற்றுநர்: அதான் நிறைய பேர் நினைக்கிறது. விமானத்துல ஸ்டால்னா இறக்கை தன் வேலையை விடுறது. காத்து இறக்கையை ஒரு கோணத்துல சந்திக்குது. நீங்க மூக்கைத் தூக்கத் தூக்க அந்தக் கோணம் கூடும், தூக்குவிசையும் கூடும். ஒரு அளவைத் தாண்டினா காத்து இறக்கையோட மேல் பக்கத்தை விட்டுப் பிரிஞ்சுடும், தூக்குவிசை சடார்னு குறையும். இன்ஜின் பாட்டுக்கு நல்லா ஓடிக்கிட்டு இருக்கலாம், ஆனாலும் விமானம் விழும். சரிபண்ண ஒரே வழி மூக்கைத் தாழ்த்துறதுதான். 3,000 அடியில இது பயிற்சி, தினமும் பண்றோம். 200 அடியில தாழ்த்தி மீள்றதுக்கு இடம் கிடையாது.

வெயிலும் உயரமும்

தொகுப்பாளர்: அடுத்து, 'டென்சிட்டி ஆல்டிட்யூட்'. இதைப் பத்திப் படிச்சேன், தலை சுத்துது. எளிமையா சொல்லுங்களேன்.

பயிற்றுநர்: பேரை மறந்துடுங்க. காத்து எவ்வளவு அடர்த்தியா இருக்குங்கிறதுதான் விஷயம். உயரம் கூடினா காத்து மெலிசாகும், வெப்பம் கூடினாலும் மெலிசாகும். மெலிசான காத்துல இன்ஜினுக்கு மூச்சு கம்மி, புரொப்பெல்லர் தள்ளுறதுக்குக் காத்து கம்மி, இறக்கையைத் தூக்குறதுக்கும் கம்மி. மூணு பக்கமும் அடி.

ஒரு கணக்கு போடுவோம். பெங்களூரு ஜக்கூர்ல பயிற்சி விமான தளம் இருக்கு. கடல் மட்டத்துல இருந்து கிட்டத்தட்ட 3,000 அடி உயரம். அந்த உயரத்துக்கு 'சாதாரண' வெப்பம்னு விமானக் கணக்குல வச்சிருக்கிறது 9 டிகிரி. ஏப்ரல் மதியம் 34 டிகிரி அடிக்குது, அதாவது 25 டிகிரி கூடுதல். ஒரு டிகிரிக்குச் சுமார் 120 அடி சேக்கணும். 25 பெருக்கல் 120, மூவாயிரம். ஆக, நீங்க நிக்கிறது பெங்களூர்ல. உங்க விமானத்தைப் பொறுத்தவரைக்கும் அது 6,000 அடியில, குன்னூர்ல நிக்குது.

தொகுப்பாளர்: குன்னூர்ல இருந்து டேக் ஆஃப்!

பயிற்றுநர்: ஆமா. அதனால ரன்வேல ரொம்ப தூரம் ஓடும், மேல ஏறுறது மெதுவா இருக்கும். காலையில 7 மணிக்கு ஜோரா ஏறின அதே விமானம் மதியம் 2 மணிக்குச் சோம்பேறித்தனமா ஏறும். மாணவருக்குப் பொறுமை போயிடும், மூக்கை இன்னும் கொஞ்சம் தூக்குவார். வேகம் குறையும். மறுபடியும் சீவாளிச் சத்தம்.

எடையையும் சேத்துக்கோங்க. செஸ்னா 172-ல நாலு சீட் இருக்கு. நாலு பெரியவங்களை ஏத்தி டேங்கையும் நிரப்பினா அனுமதிச்ச எடையைத் தாண்டிடும். ஷேர் ஆட்டோ கணக்கு இங்க செல்லாது. கையேட்டுல எந்த வெப்பத்துல, எந்த எடைக்கு எவ்வளவு ரன்வே வேணும்னு அட்டவணை இருக்கும். அது புது இன்ஜின், தேர்ந்த கை வச்சுப் போட்ட கணக்கு. நம்மளுது பழைய இன்ஜின், புதுக் கை. அதனால அதுல வர்ற தூரத்தோட பாதியைக் கூடுதலா சேத்துக்கன்னு என் மாணவர்களுக்குச் சொல்வேன்.

பாதி ரன்வே, 70 சதவீதம்

தொகுப்பாளர்: சரி, ரன்வேல ஓட ஆரம்பிச்சாச்சு. இப்ப ஏதோ சரியில்லைன்னு தோணுது. நிறுத்துறதா வேண்டாமான்னு எப்படி முடிவு பண்றது?

பயிற்றுநர்: பெரிய ஜெட் விமானங்கள்ல அதுக்குன்னு கணக்கிட்ட ஒரு வேகம் இருக்கு. அதைத் தாண்டிட்டா பறந்தே ஆகணும். சின்ன விமானத்துக்கு ஒரு எளிய விதி வச்சுக்கலாம். பாதி ரன்வே முடியும்போது, தரையை விட்டு எழும்ப வேண்டிய வேகத்துல 70 சதவீதம் வந்திருக்கணும். வரலைன்னா த்ராட்டிலை மூடு, பிரேக் போடு. செஸ்னா 172-ஐ 55 நாட் வேகத்துல தூக்குவோம். அதுல 70 சதவீதம் 38, 39 நாட். கிளம்புறதுக்கு முன்னாடியே பாதி தூரம் எங்க வருதுன்னு ஒரு அடையாளம் பாத்து வச்சுக்கணும். ஒரு ஷெட், ஒரு டாக்ஸிவே, ஒரு மரம், எதுவா இருந்தாலும் சரி.

தொகுப்பாளர்: 70 சதவீதம் அதிகமாத் தெரியுதே? பாதி தூரம்னா பாதி வேகம்தானே வரணும்?

பயிற்றுநர்: நல்ல கேள்வி. சீரா வேகம் கூடினா, தூரம் வேகத்தோட இருமடியைப் பொறுத்தது. 0.7 பெருக்கல் 0.7, கிட்டத்தட்ட பாதி. அதாவது 70 சதவீத வேகத்துக்குப் பாதி ரன்வே செலவாச்சுன்னா, முழு வேகத்துக்கு முழு ரன்வேயும் செலவாகும். அதுவே கடைசி எல்லை. அதுக்குக் கீழ இருந்தா மிச்ச ரன்வே பத்தாது. நிறைய மாணவர்கள் என்ன நினைக்கிறாங்கன்னா, டேக் ஆஃபை நிறுத்தினா தோத்துட்டோம்னு. நான் பயிற்சியில வேணும்னே சொல்லாம கொள்ளாம "நிறுத்து"ன்னு கத்துவேன். கை தானா த்ராட்டிலை மூடணும். ஏன்னு அப்புறம் கேட்டுக்கலாம்.

திரும்பி வர்றதுங்கிற ஆசை

தொகுப்பாளர்: இப்ப எல்லாருக்கும் பயமான இடம். மேல போயாச்சு, இன்ஜின் நின்னுடுச்சு.

பயிற்றுநர்: உயரம் 400 அடின்னு வச்சுப்போம். சென்னை எல்ஐசி கட்டடம் 177 அடி. அதை ரெண்டு தடவை ஒண்ணு மேல ஒண்ணு வச்சு, இன்னும் கொஞ்சம் சேத்த உயரம். முன்னாடி வயல், முள்ளுக்காடு, வீடுங்க. பின்னாடி அழகான, நீளமான, தெரிஞ்ச ரன்வே. மனசு என்ன சொல்லும்?

தொகுப்பாளர்: திரும்பிடுன்னு.

பயிற்றுநர்: கண்டிப்பா. அதுக்கு பைலட்டுகள் மத்தியில 'முடியாத திருப்பம்'னே பேரு. ஏன்னு பாப்போம். முதல்ல, இன்ஜின் நின்னதை மனசு நம்புறதுக்கே மூணு நாலு நொடி ஆகும். அந்த நேரத்துல மூக்கு இன்னும் மேல பாத்துக்கிட்டு இருக்கு, வேகம் சரசரன்னு விழுது. உடனே மூக்கை இறக்கணும். தரை கிட்ட இருக்கும்போது மூக்கைத் தரையைப் பாத்துத் தள்றது மனுஷ இயல்புக்கே எதிரானது. அதனாலதான் பழகணும்.

ரெண்டாவது, 180 டிகிரி திரும்பினா போதாது. அரைவட்டம் போட்டு முடிக்கும்போது நீங்க ரன்வேக்கு இணையா, தள்ளி ஒரு பக்கமா இருப்பீங்க. அதனால இன்னும் கொஞ்சம் கூடத் திரும்பி, ரன்வேயைப் பிடிச்சு, மறுபடி எதிர்ப்பக்கம் திரும்பி நேராகணும்.

மூணாவது, மெதுவா திரும்பவா, வேகமா திரும்பவா? வழக்கமான மெதுவான திருப்பம் நொடிக்கு 3 டிகிரி. அரைவட்டத்துக்கே ஒரு நிமிஷம். இன்ஜின் இல்லாத செஸ்னா ஒரு நிமிஷத்துல 700 அடிக்கு மேல இறங்கிடும். உங்ககிட்ட இருக்கிறது 400. அப்ப செங்குத்தா சாஞ்சு திரும்பணும். 45 டிகிரி சாஞ்சா ஸ்டால் ஆகுற வேகம் 19 சதவீதம் கூடுது. நேரா போறப்ப 48 நாட்ல ஸ்டால் ஆகுற இறக்கை இப்ப 57-லயே விட்டுடும். நீங்க மிதந்து வர்ற வேகமே 68. தரை நெருங்குது, ரன்வே இன்னும் தள்ளி இருக்கு, கை தானா கன்ட்ரோலை இழுக்கும். கொஞ்சம் இழுத்தாலும் போச்சு. ஒரு இறக்கை முதல்ல விடும், விமானம் சுழன்டு மூக்கு குத்தி விழும். அதுல இருந்து எழுந்து வர்றது ரொம்ப அபூர்வம்.

தொகுப்பாளர்: அப்ப நேரா முன்னாடி, வயல்லயா?

பயிற்றுநர்: ஆமா. இடமும் வலமும் 30 டிகிரிக்குள்ள கண்ணுக்குத் தெரியிறதுல நல்ல இடம். இதுக்கும் ஒரு கணக்கு இருக்கு. டேக் ஆஃப் எப்பவும் எதிர்காத்துலதான். காத்து 15 நாட்னு வச்சுப்போம். நீங்க 45 நாட்ல தரையைத் தொடுறீங்க. நேரா முன்னாடி இறங்கினா, தரையைப் பொறுத்து உங்க வேகம் 30. திரும்பி வந்தா அதே காத்து முதுகுல தள்ளுது, வேகம் 60. வேகம் இரண்டு மடங்கு ஆனா மோதுற ஆற்றல் நாலு மடங்கு. விமானம் வயல்ல நொறுங்கட்டும், அது இன்சூரன்ஸ் பிரச்சனை. சமமா, கட்டுப்பாட்டோட, மெதுவா இறங்கினா உள்ள இருக்கிற ஆள் பெரும்பாலும் பிழைச்சுப்பாங்க.

தொகுப்பாளர்: எப்பவுமே திரும்பக் கூடாதா?

பயிற்றுநர்: அப்படிச் சொன்னா அது பொய். போதுமான உயரம் இருந்தா திரும்பலாம். அந்த 'போதுமான' எவ்வளவுங்கிறது விமானம், காத்து, ரன்வே நீளம், ஓட்டுறவரோட பழக்கம் எல்லாத்தையும் பொறுத்தது. உயரத்துல, 3,000 அடியில பாதுகாப்பா பழகிப் பாத்து, எவ்வளவு இழக்குறோம்னு அளந்து வச்சுக்கணும். என் ஆரம்ப மாணவர்களுக்கு நான் 1,000 அடின்னு கோடு போட்டு வச்சிருக்கேன். அதுக்குக் கீழ திரும்புற பேச்சே இல்ல.

முக்கியமானது, இதை ரன்வேல நிக்கிறப்பவே வாய்விட்டுச் சொல்லணும். என் மாணவர்கள் ஒவ்வொரு டேக் ஆஃபுக்கு முன்னாடியும் சத்தமா சொல்லுவாங்க: "ரன்வேல ஓடுறப்ப எது சரியில்லைன்னாலும் த்ராட்டிலை மூடுவேன். மேல போய் இன்னும் ரன்வே மிச்சம் இருந்தா அதுலயே இறக்குவேன். ரன்வே தாண்டி 1,000 அடிக்குக் கீழன்னா மூக்கை இறக்குவேன், நேரா முன்னாடி போவேன். இன்னிக்குக் காத்து இடது பக்கம் இருந்து, வலது பக்கம் வீடுங்க இருக்கு, இடது பக்கம் வயல் இருக்கு, அதனால இடது." அரை நிமிஷம்கூட ஆகாது.

1996, ஷயான்

தொகுப்பாளர்: இது வரைக்கும் இன்ஜின், காத்து, கணக்கு. ஆனா நீங்க வேற ஒரு விஷயத்தைத்தான் பெரிய ஆபத்துன்னு சொன்னீங்க.

பயிற்றுநர்: ஆமா. கிளம்பியே ஆகணும்னு நினைக்கிறது. இதுக்கு நான் எப்பவும் சொல்ற உதாரணம் ஜெசிகா டுப்ராஃப். ஏழு வயசுப் பொண்ணு. அமெரிக்காவைக் குறுக்கே கடந்து பறக்குற மிகச் சின்ன வயசு ஆள்னு பேர் வாங்கணும்னு திட்டம். அப்பாவும், ஜோ ரீட்னு ஒரு பயிற்றுநரும் கூட. 1996 ஏப்ரல் 10 காலையில கலிபோர்னியாவுல ஹாஃப் மூன் பேங்கிற ஊர்ல இருந்து ஒரு செஸ்னா 177-ல கிளம்பினாங்க. கடலோர ஊர், உயரம் ரொம்பக் கம்மி. அன்னிக்கு ராத்திரி வயோமிங் மாநிலத்துல ஷயான் ஊர்ல தங்கினாங்க. அந்த விமான நிலையம் 6,100 அடிக்கு மேல.

மறுநாள் காலையில புயல் மழை நெருங்குது. அதே நேரத்துல அங்க இருந்து கிளம்பின இன்னொரு விமானத்தோட பைலட், மேல காத்து தாறுமாறா மாறுதுன்னு ரேடியோவுல சொன்னார். டிவிக்காரங்க காத்துக்கிட்டு இருக்காங்க, அடுத்த ஊர்ல நிகழ்ச்சி இருக்கு. காலை 8 மணி 24 நிமிஷம் வாக்குல கிளம்பினாங்க. விமானத்துல அனுமதிச்ச எடையை விட 96 பவுண்டு, அதாவது 43, 44 கிலோ கூடுதல். காத்து மெலிசு. மழையைத் தவிர்க்க வலது பக்கம் திரும்பினாங்க. மெதுவா ஏறி, சாஞ்சு, ஸ்டால் ஆகி விழுந்துச்சு. மூணு பேரும் இறந்துட்டாங்க.

தொகுப்பாளர்: குழந்தைதான் ஓட்டினாளா?

பயிற்றுநர்: இல்ல, அந்த நேரத்துல பயிற்றுநர்தான் ஓட்டியிருக்கார்னு விசாரணை சொல்லுச்சு. அதனாலதான் நான் இதை மாணவர்களுக்கு மட்டும் இல்ல, எனக்கே சொல்லிக்கிறேன். அமெரிக்கத் தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் சொன்ன காரணம், மோசமாகிக்கிட்டே போற வானிலையில, கூடுதல் எடையோட, தனக்குப் பழக்கமில்லாத அளவு மெலிசான காத்துல கிளம்பலாம்னு பயிற்றுநர் எடுத்த முடிவு. வேகத்தைக் காப்பாத்தாததால வந்த ஸ்டால். அதுக்குத் துணையா இருந்த காரணம், மீடியாவுக்குக் கொடுத்த வாக்கையும் உள்பட, அளவுக்கு மீறின பயணத் திட்டத்தைக் காப்பாத்தணும்னு இருந்த ஆசை. அதுக்கப்புறம் அதே வருஷம் அமெரிக்கா சட்டம் கொண்டு வந்துச்சு: லைசென்ஸ் இல்லாதவங்களை வச்சு இந்த மாதிரிச் சாதனைக்காக விமானம் ஓட்ட விடக் கூடாதுன்னு.

பாருங்க, விமானத்துல ஒரு பழுதும் காரணமாகல. ஒரு மணி நேரம் காத்திருந்தா போதும்.

"இன்னிக்கு வேண்டாம் சார்"

தொகுப்பாளர்: நம்ம மாணவர்களுக்கு டிவி இல்ல. ஆனா வேற அழுத்தம் இருக்கே.

பயிற்றுநர்: நிறைய. இந்தியாவுல கமர்ஷியல் லைசென்சுக்கு 200 மணி நேரம் பறக்கணும். வீட்டை அடமானம் வச்சு, கல்விக் கடன் வாங்கி வர்ற பசங்க. விமானம் கம்மி, வரிசையில நிக்கணும். மூணு நாள் மழைக்கப்புறம் உங்க முறை வருது. அன்னிக்கு இன்ஜின் சோதனையில ஆர்பிஎம் வழக்கத்தை விட கொஞ்சம் கூடுதலா விழுது. "நேத்து ஓட்டினவன் ஒண்ணும் சொல்லலையே"ன்னு தோணும். இன்னிக்கு விட்டா அடுத்த வாரம்தான். பக்கத்துல உக்காந்திருக்கிறவர் உங்களை விட இருபது வயசு பெரியவர், "போலாம் போலாம்"ங்கிறார். நம்ம ஊர்ல பெரியவங்ககிட்ட "வேண்டாம் சார்"னு சொல்றது சுலபம் இல்ல.

அதனால பயிற்றுநரா நான்தான் முதல்ல அந்தக் கதவைத் திறந்து வைக்கணும். என்கிட்ட வர்றவங்ககிட்ட முதல் வாரத்துலயே சொல்லிடுவேன், "நீ வேண்டாம்னு சொன்னா நான் காரணம் கேக்க மாட்டேன், திட்டவும் மாட்டேன்." ஒரு பையன் ஒரு நாள் ரன்வே முனையில நின்னுக்கிட்டு, "மேம், எனக்கு என்னவோ சரியாப் படல"ன்னான். என்னன்னு அவனுக்கே சொல்லத் தெரியல. திரும்பி வந்துட்டோம். மெக்கானிக் பாத்தார், விமானத்துல ஒண்ணும் இல்ல. அப்புறம்தான் சொன்னான், ராத்திரி பூரா காய்ச்சல்னு. அதுவும் ஒரு பழுதுதானே?

தொகுப்பாளர்: முதல் தடவை தனியா போறப்ப?

பயிற்றுநர்: நான் இறங்கிடுவேன், விமானத்தோட எடை ஒரு ஆள் குறையும். அதனால வழக்கத்தை விடச் சீக்கிரமா எழும்பும், வேகமா ஏறும். மாணவர் திடுக்கிட்டுப் போவார். அதையும் முன்னாடியே சொல்லிடணும். எனக்கு அன்னிக்கு என் பயிற்றுநர் சொன்னார், "பக்கத்து சீட் காலியா இருக்கேன்னு பாக்காத. வாய்விட்டுச் சொல்லு, நான் கேட்டுக்கிட்டு இருக்கிற மாதிரியே." அதனால யாருமே இல்லாத விமானத்துல நான் சத்தமா சொல்லிட்டுத்தான் த்ராட்டிலைத் தள்ளினேன்.

தொகுப்பாளர்: கடைசியா, அந்த அம்மாவுக்கு என்ன சொல்லலாம்?

பயிற்றுநர்: பொண்ணு வாரக் கடைசியில போன் பண்ணும்போது, "இன்னிக்கு எவ்வளவு நேரம் பறந்த?"ன்னு மட்டும் கேக்காதீங்கம்மா. "இந்த வாரம் எத்தனை தடவை போகாம திரும்பி வந்த?"ன்னும் கேளுங்க. அவ "ரெண்டு தடவை"ன்னு சொன்னா, "சரி கண்ணு, நல்லது"ன்னு சொல்லிடுங்க. காசு வீணாச்சேன்னு மட்டும் சொல்லிடாதீங்க. அடுத்த தடவை ரன்வே முனையில நிக்கும்போது அந்த வார்த்தை அவளுக்கு ஞாபகம் வரும்.

தொகுப்பாளர்: மக்களே, பிளையிங் ஸ்கூல்ல இருக்கிறவங்க யாராவது கேட்டுக்கிட்டு இருந்தா, டேக் ஆஃபுக்கு முன்னாடி நீங்க சத்தமா சொல்ற வரிகளை எங்களுக்கு வாய்ஸ் நோட்டா அனுப்புங்க. பேர் வேண்டாம், பள்ளி பேரும் வேண்டாம். அடுத்த எபிசோட்ல அதுல சிலதைப் போட்டுக் காட்டுறோம். அந்தத் தங்கச்சிக்கு எங்க எல்லாரோட வாழ்த்தும். அம்மா, இன்னிக்கு ராத்திரி கொஞ்சம் தூங்குங்க.